வீட்டுத் தானியக்கத்துக்கு எந்தச் சிறு கணினி? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விளக்கு, மின்விசிறி, தண்ணீர் மோட்டர், படலை விளக்கு ஆகியவற்றை ஒரே இடத்திலிருந்து ஆளும் மென்பொருளை எந்தக் கணினியில் ஓட்டுவது என்று உப்புவெளியிலிருந்தும் கேட்கிறார்கள், கிண்ணியாவிலிருந்தும் கேட்கிறார்கள். ஆள்தான் மாறுகிறார், சந்தேகம் மாறுவதில்லை. ஆகவே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். பெரும்பாலானோர் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள் என்பதால் பதில்கள் அதை ஒட்டியே இருக்கும். விலைகளை எழுதவில்லை. டொலரோடு சேர்ந்து அவை ஆடுகிற ஆட்டத்தில் இன்று எழுதியது அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

ஒற்றைப் பலகைக் கணினி என்கிறீர்களே, அதற்குத் திரை, விசைப்பலகை எல்லாம் தனியே வாங்க வேண்டுமா?

வேண்டாம். செயலி, நினைவகம், வலையமைப்பு, யு.எஸ்.பி. துளைகள் எல்லாம் உள்ளங்கை அளவான ஒரே பலகையில் இருக்கும். ராஸ்பெரி பை என்ற பலகை 2012இல் வந்த பிறகுதான் இவ்வகை பரவலானது. நிறுவியதும் ரவுட்டரோடு இணைத்து ஓர் அலமாரியில் வைத்துவிட்டால், அதன் பின் எல்லாவற்றையும் கைத்தொலைபேசியிலிருந்தோ வேறொரு கணினியின் உலாவியிலிருந்தோ பார்த்துக்கொள்ளலாம்.

அண்ணா, ஈ.எஸ்.பி.32 மலிவாகக் கிடைக்கிறதே. அது போதாதா?

ஒரு விளக்கு, ஒரு மோட்டர் என்றால் போதும். ஈ.எஸ்.பி.32 ஒரு நுண்கட்டுப்படுத்தி, அதாவது ஒரு கருவியை ஆளும் சிறு சில்லு. ஒரு வேலையைக் கொடுத்தால் பிசகாமல் செய்யும். பத்துக் கருவிகளை ஒன்றோடொன்று பேச வைப்பது, நேற்றைய வெப்பநிலையை வரைபடமாகக் காட்டுவது, நான்கு பேரின் தொலைபேசிகளுக்குப் பக்கம் பக்கமாகத் திரை கொடுப்பது எல்லாம் அதனால் ஆகாது. அதற்குத்தான் இந்தக் கணினி. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை. தண்ணீர் மோட்டர் பற்றிய கேள்வியில் இதற்கு மீண்டும் வருகிறேன்.

சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் சொல்லுங்கள், எதை வாங்குவது?

புதிதாகத் தொடங்குபவர், ரவுட்டர் வைத்திருக்கும் இடத்திலேயே கணினியையும் வைக்க முடியும் என்றால் ஹோம் அசிஸ்டன்ட் கிரீன், அதாவது அந்த மென்பொருள் போட்டே வரும் சிறு பெட்டி. பலகையைத் தொட்டுத் திருத்தி விளையாட விருப்பமுள்ளவர் ராஸ்பெரி பை 4 அல்லது 5. கேமராக்களும் வேண்டும் என்றால் இன்டெல்லின் என்100 செயலியுள்ள சிறு மேசைக்கணினி.

ஆனால் எந்தப் பலகை என்பது நான் கேட்கும் மூன்றாவது கேள்விதான். முதலில் கேட்பது, மின்சாரம் எங்கிருந்து வரும், போனால் என்ன ஆகும் என்பது. இரண்டாவது, தரவு எதில் எழுதப்படும் என்பது. திருகோணமலையில் செத்துப்போகிற வீட்டுத் தானியக்கங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றால்தான் சாகின்றன. செயலி மெதுவாக இருந்ததால் கைவிட்டேன் என்று யாரும் வந்து சொன்னதில்லை.

2 ஜி.பி. நினைவகம் போதுமா, 8 ஜி.பி. வாங்க வேண்டுமா?

ஹோம் அசிஸ்டன்ட் மட்டும் என்றால் 2 ஜி.பி.யில் ஓடும். 4 ஜி.பி. நிம்மதியானது. ஈ.எஸ்.பி. கருவிகளுக்கான நிரலை அதே பலகையில் தொகுக்கப் போகிறீர்கள் என்றால் 4 ஜி.பி.யே வாங்குங்கள். 8 ஜி.பி.க்குக் கொடுக்கும் காசை, தரவைச் சேமிக்கும் எஸ்.எஸ்.டி. வட்டுக்குக் கொடுங்கள்.

அலமாரியில் பழைய பை 3 கிடக்கிறது. அதை எழுப்பலாமா?

பழகிப் பார்க்க எழுப்பலாம். 2016இல் வந்த பலகை அது, 1 ஜி.பி. நினைவகம். நாலைந்து விளக்குகளைத் தாங்கும். ஈ.எஸ்.பி. நிரல் தொகுக்கத் தொடங்கினால் நினைவகம் தீர்ந்து திணறும்.

கவனிக்க வேண்டியது இன்னொன்று. 32 பிட் கணினிகளுக்கான ஆதரவை ஹோம் அசிஸ்டன்ட் குழு 2025 டிசம்பர் பதிப்போடு முடித்துக்கொண்டது. பை 3இன் செயலி 64 பிட் என்றாலும், பலர் அன்று போட்ட 32 பிட் பதிப்பையே வைத்திருக்கிறார்கள். 64 பிட் பதிப்பைப் புதிதாக நிறுவுங்கள். அதற்கும் முந்தைய முதல் தலைமுறைப் பை என்றால், டொமோட்டிக்ஸ் என்ற இலகுவான மென்பொருளை ஓட்டிப் பார்க்கலாம். அது சி++ மொழியில் எழுதப்பட்டது, நினைவகத்தை அதிகம் கேட்காது.

ஆரஞ்சு பை பாதி விலைக்குக் கிடைக்கிறது. காகிதத்தில் பார்த்தால் ராஸ்பெரி பையை விட வேகம். ஏன் வேண்டாம் என்கிறீர்கள்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. லினக்ஸ் கட்டளைகள் எழுதிப் பழகாதவருக்கு வேண்டாம் என்கிறேன். ஹோம் அசிஸ்டன்டை அதன் சொந்த இயங்குதளத்தோடு முழுமையாக நிறுவ, அந்தப் பலகைக்கென்று அவர்களே வெளியிட்ட பதிப்பு வேண்டும். ராஸ்பெரி பைக்கு இருக்கிறது, ஒட்ராய்டு பலகைகள் பலவற்றுக்கு இருக்கிறது, சாதாரண இன்டெல் கணினிகளுக்கு இருக்கிறது. ஆரஞ்சு பைக்கு இல்லை. ஆகவே ஆர்ம்பியன் போன்ற ஒரு லினக்ஸை நிறுவி, அதன் மேல் டொக்கர் என்ற, மென்பொருளைத் தனிப் பெட்டிக்குள் வைத்து ஓட்டும் முறையில் ஹோம் அசிஸ்டன்டை ஓட்ட வேண்டியிருக்கும்.

அப்படி ஓட்டினால் ஒரு தட்டில் துணைச் செயலிகளைச் சேர்க்கும் வசதி கிடைக்காது. ஜிக்பீ என்ற கம்பியில்லா இணைப்புக்கு ஒன்று, கருவிகள் செய்தி பரிமாறும் எம்.கியூ.டி.டி. முறைக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் நீங்களே தனித்தனியாக நிறுவிப் பராமரிக்க வேண்டும். முன்பு இதற்கு இடைவழியாக இருந்த ‘சூப்பர்வைஸ்டு’ நிறுவல் முறைக்கும் அதே 2025 இறுதியில் ஆதரவு நின்றுவிட்டது. வாங்குகிறபோது எச்3 செயலியுள்ள பழைய ஆரஞ்சு பைகளைத் தவிருங்கள். அவை 32 பிட். மலிவாகக் கொடுக்கிறார் என்றால் அவரும் அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறார்.

எஸ்.டி. கார்டு போதும் என்று கடைக்காரர் சொன்னார். நீங்கள் மட்டும் எஸ்.எஸ்.டி. என்று ஏன் அடம்பிடிக்கிறீர்கள்?

புகைப்படக் கருவியில் கார்டு படம் எடுக்கும்போது மட்டும் எழுதப்படும். இங்கே அது இரவு பகலாக எழுதப்படுகிறது. ஒவ்வொரு விளக்கின் நிலையையும், ஒவ்வொரு உணரியின் வெப்பநிலையையும் ஹோம் அசிஸ்டன்ட் சேர்த்து வைத்து, வழக்கமாக ஐந்து விநாடிக்கு ஒரு முறை தரவுத்தளத்தில் எழுதுகிறது. பத்து நாள் பழைய தரவை அழிக்கிறது. கார்டின் நினைவகக் கலங்களை இத்தனை முறைதான் எழுதி அழிக்கலாம் என்று ஒரு வரம்பு உண்டு. வரம்பு நெருங்கினால் கார்டு எச்சரிக்கை தருவதில்லை. ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு கணினி எழும்பாது, அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால், தேய்மானம் இல்லாத புதுக் கார்டின் தரவுத்தளம்கூடக் கெடலாம்.

பை 4 என்றால் யு.எஸ்.பி. 3 துளையில் ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. போதும். ஆனால் பை 4இன் நான்கு யு.எஸ்.பி. துளைகளுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர்தான், ஆகவே அதோடு வேறு பசியுள்ள கருவிகளைச் செருகாதீர்கள். பை 5இல் ஒரு துணைப்பலகை வழியாக என்.வி.எம்.இ. என்ற வேகமான வகை எஸ்.எஸ்.டி.யையே பொருத்தலாம். கிரீனில் 32 ஜி.பி. இ.எம்.எம்.சி. சேமிப்புச் சில்லு பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கிறது, கார்டை விட நெடுநாள் உழைக்கும், ஆனால் கெட்டால் கழற்றி மாற்ற முடியாது.

கார்டில்தான் தொடங்குவேன் என்றால் ஏ2 எனக் குறித்த, பெயருள்ள கார்டாக வாங்குங்கள். வாங்கியதும் எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 என்ற இலவச மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதி வாசித்துப் பாருங்கள். 128 ஜி.பி. என்று உறையில் போட்டு உள்ளே 8 ஜி.பி. மட்டும் உள்ள போலிகள் சந்தையில் தாராளமாக உலவுகின்றன. கணினி அவற்றையும் 128 என்றே காட்டும். எழுதிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும்.

வீட்டில் கைத்தொலைபேசி சார்ஜர் ஐந்தாறு கிடக்கிறது. அதில் ஒன்றைச் செருகினால் ஆகாதா?

பலகை எழும்பும். பிறகு தொல்லை தரும். பை 4க்கு 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் வேண்டும், பை 5க்கு 5 ஆம்பியர். தொலைபேசி சார்ஜரின் மேல் 25 வாட், 33 வாட் என்று போட்டிருக்கும். ஆனால் அந்த வாட் 9 வோல்ட்டிலோ அதற்கு மேலோ கிடைப்பது. 5 வோல்ட்டில் அதே சார்ஜர் 2 அல்லது 3 ஆம்பியர்தான் தரும். கம்பி மெல்லியதாக இருந்தால் வழியிலேயே கொஞ்சம் வோல்ட் விழுந்துவிடும். பையின் அதிகாரபூர்வ மின்வழங்கி 5.1 வோல்ட்டாக இருப்பது அந்த இழப்பை ஈடுகட்டத்தான்.

வோல்ட் ஏறத்தாழ 4.63க்குக் கீழே இறங்கினால் பை ‘மின்னழுத்தம் குறைவு’ என்று பதிவு செய்யும். ஹோம் அசிஸ்டன்டிலும் அந்த எச்சரிக்கை தெரியும். எஸ்.எஸ்.டி. துண்டிக்கப்படுகிறது, ஜிக்பீ செருகி காணாமற் போகிறது என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்த எச்சரிக்கையைப் பார்த்தீர்களா என்றுதான். மூன்று ஆம்பியர் மின்வழங்கியைப் பை 5இல் போட்டாலும் அது ஓடும், ஆனால் யு.எஸ்.பி. துளைகளுக்குக் கொடுப்பதை 0.6 ஆம்பியராகக் குறைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவருகிறார்கள் என்றால் பிரித்தானியப் பதிப்பைக் கேளுங்கள். இப்போது நம் நாட்டுக்கு நியமமான 13 ஆம்பியர் சதுரப்பின் செருகியில் அது நேராகப் பொருந்தும். பழைய வீடுகளில் உருண்டைப்பின் துளை இருந்தால், மூன்று அடாப்டரை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல் துளையையே மாற்றிவிடுங்கள்.

கரண்ட் போனால் என்ன செய்வது? 2022 மாதிரி மறுபடியும் வந்தால்?

அந்த ஆண்டு மார்ச் முடிவில் நாளுக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் இருண்டது. பெரிய வெட்டுகளை விட எனக்குப் பயம், வாடைக்காற்று மாதங்களில் மரக்கிளை கம்பியில் உரசி ஒரு விநாடி போய் வருகிற மின்சாரம்தான். ஒரே மாலையில் அப்படிப் பல முறை நடந்தால் மேலே சொன்ன தரவுத்தளம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

ரவுட்டருக்கென்று விற்கும் சிறிய டி.சி. யு.பி.எஸ்., அதாவது மின்சாரம் போனால் தாங்கும் மின்கலப் பெட்டி, இப்போது எங்கும் கிடைக்கிறது. அதிலுள்ள கணக்கு எளிது. 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருந்தால் அது உள்ளேயுள்ள 3.7 வோல்ட் கலத்தின் கணக்கு. ஆகவே 37 வாட் மணி. மாற்றுகிறபோது ஏற்படும் இழப்பைக் கழித்தால் 30 என்று வைத்துக்கொள்ளுங்கள். ரவுட்டர் 9 வாட், கணினி 3 வாட் என்றால் இரண்டரை மணி நேரம். 13 மணி நேரத்துக்கு இது போதாது. ஆனால் ஒரு விநாடி வெட்டுகளையும் வழக்கமான இரண்டு மணி நேர வெட்டையும் கடத்திவிடும்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பெட்டிகளின் 5 வோல்ட் துளை பெரும்பாலும் 2 ஆம்பியர்தான் தருகிறது. பை 4க்கே போதாது. கிரீனுக்கு வேண்டியது 12 வோல்ட், 1 ஆம்பியர். அது ரவுட்டரைப் போலவே 12 வோல்ட் துளையில் செருகிக்கொள்ளும். ஒட்ராய்டு என்2+ பலகையும் 12 வோல்ட்டில் ஓடும். வேகத்தில் பை 5 கிரீனை எங்கோ விட்டுவிடுகிறது என்பது உண்மைதான். ஆனாலும் நம் ஊருக்கு அந்த 12 வோல்ட் துளையே பெரிய தகுதி என்பேன். பைதான் வேண்டும் என்றால் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும், 5 ஆம்பியர் தாங்கும் மாற்றி ஒன்றை இடையில் போடுங்கள். பெட்டியின் மேல் எழுதியுள்ள மொத்த வாட்டைத் தாண்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இருபத்துநான்கு மணி நேரமும் ஓடினால் மின்பட்டியல் ஏறாதா?

4 வாட் எடுக்கும் பலகை மாதத்துக்கு ஏறத்தாழ 3 அலகு. என்100 கணினி 6, 7 அலகு. பழைய மேசைக்கணினி ஒன்றை 60 வாட்டில் ஓட்டினால் 43 அலகு. வீட்டுப் பாவனை 60 அலகுக்குக் கீழே இருக்கும் குடும்பத்துக்கு அந்த 43 பெரிய அடி. 60ஐத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். ‘சும்மா கிடக்கிற கணினிதானே’ என்று பழைய மேசைக்கணினியைப் பிடிப்பவர்கள் இதைக் கணக்குப் பார்ப்பதில்லை.

எங்கள் வீடு நிலாவெளியில், கடலுக்கு எதிரே. உப்புக் காற்றில் பலகை தாங்குமா? வெயிலில் சூடாகாதா?

சூட்டைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் அறை 35 பாகையைத் தொட்டாலும், பை 4 தன் வேகத்தைக் குறைக்கத் தொடங்குவது செயலி 80 பாகையை எட்டும்போதுதான். காற்றாடும் அலமாரியில் வைத்தால் அது அங்கே போகாது. தகரம் அல்லது அஸ்பெஸ்டஸ் கூரைக்கும் சீலிங்குக்கும் இடையில் ஒளித்து வைப்பவர்கள் இருக்கிறார்கள், அங்கே வைக்காதீர்கள். பை 5 சூடு கூடிய பலகை, குளிர்விப்பான் இல்லாமல் ஓட்டாதீர்கள்.

உப்புதான் உண்மையான எதிரி. காற்றில் வரும் நுண்ணிய உப்பு பலகையில் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த உப்பு தானே நீரை இழுத்துக் கரையும். மார்கழியில் கடற்கரை வீடுகளில் ஈரப்பதம் அந்த அளவைத் தாண்டுவது சாதாரணம். அப்போது பலகையின் ஊசிகளுக்கிடையே உப்புநீர்ப் படலம் ஒன்று நிற்கிறது. முதலில் தெரியும் அடையாளம் யு.எஸ்.பி. செருகியின் பற்களில் பூக்கும் பச்சை நிறப் பொடி. அடுத்தது வலையமைப்புக் கம்பியின் முனை.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கடல் பார்த்த யன்னல் அருகே வைக்காதீர்கள். விசிறியுள்ள பெட்டி வேண்டாம். விசிறி உப்பை உள்ளே இழுத்து ஊதும். உடலே வெப்பம் கடத்தும் அலுமினியப் பெட்டி நல்லது, ஆனால் அது வைஃபையை ஓரளவு மறைக்கும், ஆகவே கம்பியில் இணையுங்கள். கிரீனில் எப்படியும் வைஃபை கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பலகையை அணைத்து வைக்காதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் பலகை தன் சூட்டாலேயே உலர்ந்திருக்கும். விருந்தினர் இல்லாத மாதங்களில் எல்லாவற்றையும் கழற்றி மூடிவிட்டுப் போகும் விடுதிகளில்தான் பச்சை அதிகம் பூக்கிறது.

இடி மின்னலுக்கு என்ன பாதுகாப்பு?

நேரே விழுந்தால் எதுவும் தாங்காது. பெரும்பாலும் நடப்பது, எங்கோ விழுந்தது செப்புக் கம்பி வழியே வருவது. தொலைபேசிக் கம்பி வழி இணையம் என்றால் அது இன்னொரு வாசல். ஒளியிழை இணைப்பு என்றால் அந்த வாசல் அடைபட்டது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மிஞ்சுவது மின்வழங்கல் கம்பியும், வீட்டுக்கு வெளியே ஓடும் வலையமைப்புக் கம்பிகளும். மின்பலகையில் எழுச்சித் தடுப்பான் ஒன்றைத் தகுதியுள்ள மின்வினைஞரைக் கொண்டு போடுங்கள். அது வேலை செய்ய நிலக்கம்பி ஒழுங்காக இருக்க வேண்டும், பழைய வீடுகளில் அது சந்தேகம்தான். வளவின் மூலையிலுள்ள மோட்டர் அறைக்குக் கம்பி இழுக்காமல் வைஃபையில் பேசும் கருவியை வையுங்கள்.

இணையம் போனால் விளக்குப் போட முடியாமல் இருளில் இருக்க வேண்டியதுதானா?

ஹோம் அசிஸ்டன்ட் வீட்டுக்குள்ளேயே ஓடுகிறது. இணையம் போனாலும் ஜிக்பீ, ஈ.எஸ்.பி. கருவிகள் எல்லாம் வேலை செய்யும், ரவுட்டர் உயிரோடு இருந்தால் போதும். இணையம் வழியாக மட்டும் பேசும் மலிவு வைஃபை செருகிகளை வாங்கியிருந்தால் அவை நின்றுவிடும். அது கணினியின் குறை இல்லை, கருவியின் குறை. சுவரிலுள்ள சாதாரண சுவிட்ச் எப்போதும் வேலை செய்யும்படி கம்பியிடுங்கள். வீட்டில் அம்மம்மா இருக்கிறார் என்றால் இது பேச்சுக்கே இடமில்லாத நிபந்தனை.

வெளியூரிலிருந்து வீட்டைப் பார்க்க முடியவில்லை. 4ஜி ரவுட்டரில் போர்ட் திறந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

4ஜி இணைப்புகளில் பெரும்பாலும் உங்களுக்கென்று பொது முகவரி கிடைப்பதில்லை. பலருக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்து கொடுக்கிறார்கள், ஆகவே போர்ட் திறந்தாலும் வெளியிலிருந்து வரும் அழைப்பு உங்கள் வீட்டை வந்தடையாது. திறக்க முடிந்தாலும் திறக்காதீர்கள் என்பதுதான் என் கருத்து. டெய்ல்ஸ்கேல் போன்ற தனியார் வலையமைப்பு ஒன்றைத் துணைச் செயலியாகப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. தனிப்பட்ட பாவனைக்கு அது இலவசம். நபு காசா என்ற கட்டணச் சேவை இன்னும் எளிது, ஆனால் வெளிநாட்டு நாணயத்தில் கட்ட வேண்டும்.

ஜிக்பீ செருகியைப் போட்ட நாளிலிருந்து பக்கத்து அறைக் கருவிகள்கூட அடிக்கடி துண்டிக்கப்படுகின்றன. பலகை சரியில்லையா?

முதலில் மின்னழுத்த எச்சரிக்கையைப் பாருங்கள், சார்ஜர் பற்றிய கேள்வியில் சொன்னதுதான். அது இல்லை என்றால், செருகியை எஸ்.எஸ்.டி.க்குப் பக்கத்து யு.எஸ்.பி. துளையில் நேரே செருகியிருப்பீர்கள். யு.எஸ்.பி. 3 தரவு ஓடும்போது 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சலைக் கக்குகிறது. இன்டெல் நிறுவனமே 2012இல் இதை ஆவணமாக வெளியிட்டது. ஜிக்பீ பேசுவதும் அதே அலைவரிசையில்தான். ஒரு மீட்டர் யு.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பியை வாங்கி, செருகியைப் பலகையிலிருந்தும் ரவுட்டரிலிருந்தும் தள்ளி வையுங்கள். செருகியை யு.எஸ்.பி. 2 துளைக்கு மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ரவுட்டரின் வைஃபை 1ஆம் அலைத்தடத்தில் இருக்கட்டும், ஜிக்பீயை 25க்குக் கொண்டுபோங்கள்.

கரண்ட் வந்த பிறகு படலை விளக்கு நேரம் தவறி எரிகிறது. கணினிக்குப் பைத்தியமா?

பை 4இல் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் போனால் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்தே மீண்டும் எண்ணத் தொடங்கும். மாலை 4 மணிக்குப் போய் இரவு 8க்கு வந்தால், இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும் வரை அதற்கு மணி நான்குதான். மின்சாரம் வந்தவுடன் ரவுட்டரும் எழும்பிக்கொண்டிருக்கும், ஆகவே நேரம் வரத் தாமதமாகும். சூரியன் மறையும் நேரத்தை வைத்து எழுதிய விதிகளும் இதனால் ஏமாறும், அந்தக் கணக்குக்கும் கடிகாரம்தான் ஆதாரம்.

கிரீனிலும் மேசைக்கணினிகளிலும் கடிகாரத்துக்கான சிறு மின்கலம் உண்டு. பை 5இல் கடிகாரம் பலகையில் இருக்கிறது, மின்கலத்தை மட்டும் தனியே வாங்கிப் பொருத்த வேண்டும். பலர் அதை வாங்காமலே விட்டுவிடுகிறார்கள். யு.பி.எஸ். கேள்வியில் சொன்னதைச் செய்திருந்தால் இந்தத் தொல்லை அநேகமாக வராது.

பழைய மடிக்கணினி ஒன்று இருக்கிறது. மின்கலமும் சேர்ந்தே வருகிறதே, அதுவே யு.பி.எஸ். அல்லவா?

நல்ல யோசனை. திரையை மூடினாலும் உறங்காதபடி அமைத்துவிட்டால் அருமையாக ஓடும். ஆனால் பழைய மின்கலம் நாள் முழுக்க நிறைந்த நிலையில், சூட்டில் இருந்தால் வீங்கும். அடிப்பக்கமோ தொடுபலகையோ மேலே தள்ளுவது தெரிந்தால் அன்றே கழற்றிவிடுங்கள். மின்கலம் செத்த மடிக்கணினி என்றால் இதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை, என்100 பக்கம் போங்கள்.

உப்புவெளியில் சிறிய விடுதி நடத்துகிறேன். ஆறு கேமரா. யார் வருகிறார் என்று அதுவே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பை 5 போதுமா?

ஆறு கேமராவுக்குப் பையில் காசு போடாதீர்கள். ஃபிரிகேட் போன்ற மென்பொருள் ஒவ்வொரு கேமராவின் படத்தையும் விரித்து, அதில் மனிதரா நாயா என்று தேடுகிறது. என்100 செயலிக்குள் இருக்கும் வரைகலைப் பகுதி இந்த இரண்டு வேலையையும் சேர்த்துச் செய்யும். பை 5இல் படத்தில் தேடுவதற்கென்றே உள்ள ஹெய்லோ முடுக்கிச் சில்லைப் பொருத்தினால் தேடும் வேலை நடக்கும், ஆனால் முடுக்கி, மின்வழங்கி, பெட்டி, எஸ்.எஸ்.டி. என்று கூட்டிப் பார்த்தால் என்100 கணினியின் விலை வந்துவிடும். பதிவுகளுக்குத் தனி வட்டு வையுங்கள். கேமரா எதைப் பார்க்கிறது என்பதை விருந்தினருக்கு எழுதி ஒட்டுங்கள், அறைக் கதவுகளைப் பார்த்துத் திருப்பாதீர்கள்.

தமிழில் ‘விளக்கைப் போடு’ என்றால் போடுமா?

விஸ்பர் என்ற பேச்சறி மென்பொருளுக்குத் தமிழ் தெரியும். ஆனால் பலகைகள் தாங்கும் சிறிய மாதிரிகளில் தமிழ் தடுமாறுகிறது. ஆங்கிலக் கட்டளைக்கே பை 4 எட்டு விநாடி யோசிக்கும். அதற்குள் எழுந்துபோய்ச் சுவிட்சைத் தட்டிவிட்டு வந்து உட்காரலாம். குரல் முக்கியம் என்றால் என்100இலிருந்து தொடங்குங்கள்.

கிணற்று மோட்டரை முழுக்க இதனிடம் ஒப்படைத்துவிடலாமா? தாங்கி நிறைந்து வழிகிற தொல்லை தாங்கவில்லை.

நிறுத்துகிற பொறுப்பை மட்டும் ஒரு நாளும் கணினியிடம் ஒப்படைக்காதீர்கள். பலகை உறைந்து நின்றாலும், வைஃபை போனாலும் மோட்டர் நிற்க வேண்டும். தாங்கியில் மிதவைச் சுவிட்ச் இருந்தால் அது மோட்டருக்கான கம்பியில் அப்படியே தொடர்நிலையில் இருக்கட்டும். அதற்கு மேல் ஈ.எஸ்.பி.32இலேயே, ‘இத்தனை நிமிடத்துக்கு மேல் ஓடினால் நிறுத்து’ என்ற விதியை எழுதிவிடுங்கள். கணினியின் வேலை எப்போது தொடங்குவது என்று முடிவு செய்வதும், நேற்று எவ்வளவு ஓடியது என்று காட்டுவதும்தான்.

ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது எடுப்பது ஒன்று, தொடங்கும் கணத்தில் இழுப்பது அதைப் போலப் பல மடங்கு. 10 ஆம்பியர் என்று எழுதிய சிறு ரிலேயில் நேரே இணைத்தால் அதன் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு நிறுத்து என்று சொன்னாலும் நிற்காது. நடுவே ஒரு காண்டாக்டர், அதாவது பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் சுவிட்ச், போடுங்கள். ஆவணி, புரட்டாதியில் கிணறு இறங்கி மோட்டர் வெறுமையாக ஓடுவதையும் பிடிக்கலாம். தண்ணீர் இல்லாதபோது மோட்டர் எடுக்கும் மின்னோட்டம் குறையும், அதை அளக்கும் கருவியைச் சேர்த்தால் ஈ.எஸ்.பி.32 தானே நிறுத்திவிடும்.

இன்று பை வாங்கிவிட்டு நாளை பெரிய கணினிக்கு மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டுமா?

வேண்டாம். பையில் எடுத்த காப்புப்பிரதியை என்100 கணினியில் மீட்டெடுக்கலாம், செயலி வகை மாறினாலும் பரவாயில்லை. துணைச் செயலிகளை அது புதிய கணினிக்கேற்பத் தானே இறக்கிக்கொள்ளும். ஜிக்பீ செருகியைக் கழற்றிப் புதியதில் செருகினால் கருவிகளை மறுபடி இணைக்க வேண்டியதில்லை. பழைய பலகையை மறக்காமல் அணைத்துவிடுங்கள், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரே விளக்குக்கு இரண்டு கட்டளை போகும்.

2025 ஜனவரிப் பதிப்பிலிருந்து தானாகக் காப்பெடுக்கும் வசதி வந்திருக்கிறது. அந்தப் பிரதிகள் பூட்டப்பட்டவை. திறக்கும் சாவியை முதல் நாளே ஒரு கோப்பாக இறக்கித் தருகிறது. பலர் அதை அதே கணினியில் சேமித்துவிட்டுப் போகிறார்கள். அச்செடுத்து வீட்டு உறுதியோடு வையுங்கள். பிரதியையும் பலகைக்கு வெளியே, கூகுள் டிரைவிலோ வேறொரு கணினியிலோ சேரும்படி அமைத்துவிடுங்கள்.